பயமாயிருக்கிறது என்று சொல்லும் விசுவாசம்

எங்கள் புற்றுநோய்ப் பிரிவில் காலைப் பார்வைக்குச் செல்லும்போது, பெரும்பாலான படுக்கைகளிலிருந்து ஒரே பதில்தான் கிடைக்கும்: கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறோம். இரவு 2 மணிக்கு அதே வார்டின் வழியே நடந்தால் காட்சி வேறு. காலையில் புன்னகையுடன் பதில் சொன்னவர் சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பார். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அவருடைய மனைவியும் உறங்கியிருக்கமாட்டார். மற்றவர் உறங்குவதாக எண்ணி இருவரும் அசையாமல் கிடப்பார்கள். அந்த நேரத்தில் அருகே சென்று மெல்லக் கேட்டால், பகலில் வெளிவராத சொல் வெளிவரும். பயமாயிருக்கிறது என்பதே அந்தச் சொல்.

இந்தச் சொல்லைப் பகலில் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்? இதற்கு விடை தேட எங்களைத் தூண்டியவர் ஒரு நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்காக எங்களிடம் வந்த, ஐம்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவர் அவர். இரண்டாம் முறை கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய பத்தாம் நாள் மாலை அவருக்குக் குளிர் எடுத்தது. உடல் கொதித்தது. மருத்துவமனைக்குப் போகலாம் என்று மனைவி மன்றாடியும் அவர் இசையவில்லை. இரண்டு போர்வைகளைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை ஜெபித்தபடியே படுத்திருந்தார். காலையில் அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. ஐந்து நாட்கள் ஐ.சி.யு.வில் இருந்தார்.

"ராத்திரியே நடுங்கிச்சு டாக்டர். யாருக்கும் சொல்லாதேன்னுட்டார்" என்று அவர் மனைவி அழுதார். அவர் தேறி வார்டுக்கு வந்தபின் நாங்கள் காரணம் கேட்டோம். அதற்கு முந்திய ஞாயிறன்று சபையார் வீட்டிற்கு வந்து ஜெபித்திருக்கிறார்கள். எல்லார் முன்னிலையிலும், தமக்கு எந்தப் பயமும் இல்லை என்று இவர் சாட்சி சொல்லியிருக்கிறார். மூன்றே நாளில் மருத்துவமனைக்கு ஓடினால் அந்தச் சாட்சி என்னாவது? சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு அவர் சொன்னார்: "எனக்குப் பயமாத்தான் இருந்தது டாக்டர். பயந்தா விசுவாசம் இல்லேன்னு ஆயிடுமோன்னு அதுக்கும் சேர்த்துப் பயந்தேன்."

முதல் பயம் நோயைப் பற்றியது, அது இயல்பானது. அவருடைய உயிருக்கு ஊறு விளைவிக்க இருந்தது இரண்டாவது பயம். இந்த இரண்டாவது பயத்தைக் குறித்தே இந்த இதழில் உங்களுடன் பேச விரும்புகிறோம். நாங்கள் வேதபண்டிதர்கள் அல்லர். படுக்கையருகே நின்று வேதத்தை வாசிக்கப் பழகியவர்கள். பிற சமயங்களைச் சார்ந்த நண்பர்களும் இவ்விதழை வாசிக்கிறீர்கள். மருத்துவம் சார்ந்த பகுதிகள் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

ஆபத்தை உணர்வதற்கென்று நம் மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் சிறியதொரு பகுதி உண்டு. நாம் சிந்தித்து முடிப்பதற்கு முன்பே அது எச்சரிக்கை விடுத்துவிடுகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு வறள்கிறது, வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. ஸ்கேன் அறையின் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வயிற்றைப் பிசைவதும், முடிவு வரும் நாளில் உணவு இறங்காமற்போவதும் இதனால்தான். இவற்றை நாம் விரும்பி வரவழைப்பதில்லை. மூத்த போதகருக்கும், ஞாயிறு பள்ளிச் சிறுவனுக்கும், ஏன், தம் உடலில் ஒரு கட்டியைத் தடவிப் பார்த்துவிட்ட மருத்துவருக்கும் இதே சுரப்பிகள் இவ்வாறே சுரக்கும். தேவன் படைத்த உடல் தன் வேலையைச் செய்கிறது என்பதைத் தவிர இதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

சில வேளைகளில் அந்தப் பயத்துக்குக் கீழ்ப்படியவும் வேண்டும். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்கள் வரையிலான காலத்தில், பலருக்கு நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிராபத்தாக மாறக்கூடும். வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ, இரவாயினும் ஞாயிறாயினும் உடனே எங்களை அழைத்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி தொடங்கப்பட வேண்டும் என்பதே எங்கள் குறிக்கோள். வீட்டிலேயே பாராசிட்டமால் விழுங்கிக் காய்ச்சலை இறக்கிவிட்டு, விடியட்டும் என்று காத்திராதீர்கள். மாத்திரை வெப்பத்தை இறக்குமேயொழியக் கிருமியைக் கொல்லாது. மேலே சொன்ன சகோதரர் அந்த இரவில் ஜெபித்தது தவறன்று. ஆம்புலன்ஸில் வரும்போதும் ஜெபிக்கலாமே!

தாடியில் வழிந்த வாய்நீர்

பயமும் விசுவாசமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்ற எண்ணம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. வேதத்தை அந்த எண்ணமின்றி வாசித்தால் வேறொன்று தென்படுகிறது.

ஐம்பத்தாறாம் சங்கீதத்தைப் பலர் மனப்பாடமாய் அறிவீர்கள். பயப்படுகிற நாளில் தேவனை நம்புவேன் என்ற பொருளில் தாவீது அதில் பாடுகிறார். பயப்படுகிற நாள் ஒன்று உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தச் சங்கீதத்தின் தலைப்பு, பெலிஸ்தர் அவரைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று குறிக்கிறது. காத் ஊரில் அவர் பட்ட பாட்டை முதலாம் சாமுவேல் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகீஸ் ராஜாவுக்கு மிகவும் பயந்த தாவீது, பித்தங்கொண்டவரைப் போல் நடித்து, வாசற்கதவுகளைக் கீறி, தம் தாடியில் வாய்நீர் வழிய விட்டார். கோலியாத்தை வீழ்த்தியவரின் கோலம் அது. அந்த அவமானத்தின் நடுவிலிருந்து எழுந்த சங்கீதமாகவே சபை அதை வாசித்துவந்திருக்கிறது. அதே சங்கீதத்தில், தம் கண்ணீரைத் துருத்தியில் சேர்த்து வைக்கும்படி தேவனிடம் அவர் கேட்கிறார். துருத்தி என்பது தோற்பை. பாலையில் நடப்பவர் தண்ணீரைச் சிந்தாமல் காக்கும் பை. அழாமலிருக்க வரம் கேளாமல், அழுத கண்ணீர் வீணாகக் கூடாது என்று கேட்கிற ஜெபம் எங்கள் வார்டுக்கு மிகவும் ஏற்றதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி கெத்செமனே. எண்ணெய்ச் செக்கு என்பது அப்பெயரின் பொருள். ஒலிவப் பழங்களை நசுக்கும் இடத்தில், மனுஷகுமாரன் நசுக்கப்படுவதை மாற்கு 14ஆம் அதிகாரமும் லூக்கா 22ஆம் அதிகாரமும் விவரிக்கின்றன. லூக்கா ஒரு வைத்தியர் என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் குறிப்பிடுகிறார். இயேசுவின் வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப் போல் தரையில் விழுந்ததென்ற செய்தி நான்கு சுவிசேஷங்களில் லூக்காவில் மட்டுமே உள்ளது. அது எவ்வகை மருத்துவ நிலை என்று எங்கள் துறையினர் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் இங்கு வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது அவர் அந்த இரவில் செய்தவற்றை.

முதலாவது, அவர் தனியே போகவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் என்னும் மூவரை அருகே அழைத்துக்கொண்டார். தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருப்பதை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். தேவகுமாரன் மீனவர்களிடம் துணை கேட்டார் என்பதை எத்தனை முறை வாசித்தாலும் எங்களுக்கு வியப்பு அடங்குவதில்லை. அடுத்து, தமக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டார்: அந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றார். ஒருமுறை கேட்டு ஓய்ந்துவிடவில்லை. திரும்பவும் போய் அதையே கேட்டார். அதன் பின்னரே, பிதாவின் சித்தம் ஆகட்டும் என்று ஒப்புக்கொடுத்தார். நம்மில் பலர் முதல் பகுதியைத் தாண்டிக் குதித்து, நேரே கடைசி வரிக்குப் போய்விட முயல்கிறோம். கேட்க அஞ்சுகிறோம். உமது சித்தம் என்று உதடு சொல்ல, உள்ளே வேறொன்று கதறிக்கொண்டிருக்கிறது. கதறலையும் சேர்த்துச் சொல்ல இடமுண்டு என்பதைக் கெத்செமனே காட்டுகிறது.

அந்த மூவரும் உறங்கிவிட்டார்கள் என்பதும் வேதத்தில் இருக்கிறது. துணையிருப்போருக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

"பயப்படாதே" என்னும் சொல்

வேதத்தில் இந்தச் சொல் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வருவதில்லை. எண்ணிக்கை போகட்டும், அது யாரிடம், எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். ஆகாரிடம் சொல்லப்பட்டபோது துருத்தியில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்கமாட்டாமல் அவள் எட்டப் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். யவீருவிடம் சொல்லப்பட்டபோது, மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. பயப்படுவதற்கு முழுக் காரணமும் உள்ளவர்களிடமே அது சொல்லப்படுகிறது. அவர்கள் பயந்ததற்காக ஒருவரையும் அங்கே கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையை அதிகாரி தன் கட்டளைகளைப் பட்டியலிடும் தொனியன்று அது. இருட்டில் விழித்து அழும் குழந்தையின் அருகே வந்து உட்காரும் தாயின் தொனி. ஆகாருக்கு அந்தச் சொல்லோடு ஒரு கிணறு காட்டப்பட்டது. யவீருவுடன் இயேசு அவன் வீடுவரை நடந்தே போனார். சிறுமி எழுந்தவுடன் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னார். நெடுநாள் நோயில் கிடந்தவருக்கு முதலில் வேண்டியது என்னவென்று அறிந்த சொல் அது.

ஆகவே நோயாளிகளைப் பார்க்க வரும் சபையாருக்கும் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் நுழைந்தவுடன் பயப்படக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்தில் விடைபெறாதீர்கள். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் மிக நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

மருந்தும் ஜெபமும்

விசுவாசமுள்ளவர் மருந்தை நாடலாமா என்ற கேள்வி புதிதன்று. 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகத்தையே யேனா நகருக்கு மாற்றினார்கள். மார்ட்டின் லூத்தர் நகரைவிட்டுப் போகவில்லை. கருவுற்றிருந்த மனைவி கத்தரீனாவுடன் அங்கேயே தங்கி, நோயுற்றோரைத் தம் வீட்டில் வைத்துப் பேணினார். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று பிரெஸ்லவ் நகரப் போதகர் யோகான் ஹெஸ் கேட்டிருந்த கேள்விக்கு, அவர் விரிவான பதில் எழுதினார். பிறருக்குப் பொறுப்பேற்றிருப்பவர்கள் அவர்களைக் கைவிட்டு ஓடக்கூடாது என்பதை அதில் வலியுறுத்தினார். அதே கடிதத்தில், மருந்துகளைப் பயன்படுத்துமாறும், வீட்டைப் புகையிட்டுத் தூய்மைப்படுத்துமாறும், தாம் தேவைப்படாத இடங்களுக்குப் போகாமலிருக்குமாறும் எழுதினார். தேவன் காப்பார் என்று சொல்லி மருந்தையும் எச்சரிக்கையையும் அலட்சியப்படுத்துவோரைத் துணிச்சலுள்ளவர்கள் என்று அவர் புகழவில்லை. தேவனைச் சோதிக்கிறவர்கள் என்றே கண்டித்தார். கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலத்தில் எழுதப்பட்டது அது.

நடைமுறையில் எங்களைக் கவலைக்குள்ளாக்கும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மார்பில் கட்டியைக் கண்ட பெண்கள் பலர் மாதக்கணக்கில் அதை மறைத்துவிட்டு வருகிறார்கள். விசுவாசத்தோடு காத்திருந்தேன் என்பார்கள். சற்றுப் பேசினால், உண்மையை அறியப் பயந்து காத்திருந்தது தெரியவரும். பயம் விசுவாசத்தின் உடையை உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதை அந்தச் சகோதரிகள் முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் எத்தனை இரவுகள் மிஞ்சியிருக்கும்! புற்றுநோயாகவே இருந்தாலும், சிறிதாயிருக்கையில் கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது. ஊசி பட்டால் பரவிவிடும் என்று பேசிக்கொள்கிறார்களே, அந்த அச்சத்தால் பயாப்சியைத் தவிர்ப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. ஊசி போடாமல் விட்ட கட்டிதான் கவனிப்பாரின்றி வளர்கிறது.

காத்திருக்கும் நாட்கள்

பயாப்சிக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களைப் போல் பயத்துக்கு இடங்கொடுக்கும் காலம் வேறில்லை. முடிவு தாமதமானால், மோசமான செய்தி என்பதால்தான் மறைக்கிறார்கள் என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் ஆய்வகத்தில் நடப்பது இதுதான். எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்துக் கெட்டுப்போகாமல் நிலைநிறுத்த வேண்டும். பிறகு அதிலுள்ள நீரை நீக்கி மெழுகில் பதிக்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டியை 3 முதல் 5 மைக்ரான் கனத்தில், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவில், சீவி எடுத்து, சாயமேற்றி, நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். எந்த மருந்து பலிக்கும் என்றறியக் கூடுதல் சாயப் பரிசோதனைகள் தேவைப்பட்டால் மேலும் சில நாட்களாகும். நல்ல முடிவுக்கும் கெட்ட முடிவுக்கும் இதே வழிதான், இதே மெழுகுதான். தாமதத்தை வைத்துக் குறி பார்க்காதீர்கள். எந்த நாளில் வந்து யாரைக் கேட்க வேண்டும் என்று எங்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேதி தெரிந்த பயம், தேதி தெரியாத பயத்தைவிடச் சிறியது.

அந்த நாட்களின் இரவுகளுக்காக ஒன்று சொல்லலாம். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஜெபமாலையை லத்தீன் மொழியில் சொல்லும்போது, சொல்பவரின் மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 முறை என்ற அளவுக்குத் தானாகவே மெதுவாவதை அவர்கள் அளந்து பார்த்தார்கள். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதற்கேற்ப ஓர் ஒழுங்கிற்கு வந்தன. ஜெபத்துக்கு விடை கிடைக்கும் என்பதற்கோ கிடைக்காது என்பதற்கோ இது சான்றாகாது. அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆனால் மெதுவாய்ச் சொல்லப்படும் சிறு ஜெபம் உடலையும் அமைதிப்படுத்துகிறது என்பதை மருத்துவராக நாங்கள் சொல்ல முடியும். மனப்பாடமாயுள்ள ஏதேனும் ஒரு சங்கீத வரியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளிழுக்கையில் முற்பாதி, அதைவிட நிதானமாக வெளிவிடுகையில் பிற்பாதி. பத்து நிமிடம் போதும். நீண்ட ஜெபம் செய்ய முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். தண்ணீரில் அமிழ்ந்துபோகையில் பேதுரு செய்த ஜெபம் மிகச் சிறியது.

துணையிருப்போருக்கு

வார்டுக்கு வெளியே குடும்பத்தார் எங்களை மறித்து, "அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், பயந்துடுவார்" என்பார்கள். உள்ளே போனால் நோயாளி தணிந்த குரலில், "வீட்டில சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க" என்பார். இருவருக்கும் தெரியும்; இருவரும் நடிக்கிறார்கள். அன்பினால் எழுப்பப்பட்ட இந்தச் சுவர் இரு பக்கத்தாரையும் தனிமைப்படுத்துகிறது. நாங்கள் நோயாளியிடமே, உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்போம். அவர் வேண்டிய அளவுக்கு, வேண்டிய நேரத்தில் சொல்வோம். வேண்டாமென்றால் திணிக்கமாட்டோம். ஆயினும் எங்கள் அனுபவத்தில், உண்மையைக் கேட்டு நொறுங்கியவர்களைவிட, உண்மையைக் கேட்டபின் அன்று இரவு உறங்கியவர்களே அதிகம்.

எலியாவின் வரலாறு துணையிருப்போருக்கு மிகவும் பயன்படும். யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவை வேண்டிக்கொண்டார் அந்தத் தீர்க்கதரிசி. தூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். உண்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பி உணவு கொடுத்தான். தேவன் அவரோடு பேசியது அதற்கு வெகுநாள் கழித்து. உறக்கமும் உணவுமின்றி இருக்கும் உடலில் பயம் இரு மடங்காகும். இரவெல்லாம் கண்விழித்தவர் மறுநாள் பகலில் வேறொருவரை இருக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உறங்குங்கள். கெத்செமனேயில் உறங்கிப்போன மூவரிடமும் மாம்சம் பலவீனமுள்ளது என்று இயேசு இரக்கத்தோடு சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்காக உபவாசம் இருக்க விரும்புவோர் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் உண்ணாதிருந்து மயங்கி விழுந்தால், ஒரு குடும்பத்தில் இரண்டு நோயாளிகள் ஆவார்கள். சிகிச்சையிலிருக்கும் நோயாளி உபவாசம் இருக்கவே வேண்டாம்.

பயம் சிலரை விட்டு நீங்குவதேயில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, காரணமின்றித் திடீரெனப் படபடத்து மூச்சடைத்தல், எதிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் ஆகியவை தோன்றினால் அதுவும் ஒரு நோய்நிலை; அதற்கும் மருத்துவம் உண்டு. வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தால் இரண்டு வாரம் காத்திராமல் அன்றே சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம் என்றால் உங்களைப் பைத்தியம் என்றோ அவிசுவாசி என்றோ கருதுகிறோம் என்பதன்று. புதிதாக நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், பயத்தினால் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் அதையும் உடனே தெரிவியுங்கள்.

நீங்காத பாத்திரம்

கெத்செமனேயில் கேட்டபடி அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் நாங்கள் உங்களுக்கு நேர்மையாயிரோம். எங்கள் பிரிவில் ஊக்கமாய் ஜெபித்தவர்கள் சிலர் குணமடைந்தார்கள். அவர்களைப் போலவே ஊக்கமாய் ஜெபித்த சிலர் குணமடையவில்லை. பின்னவர்களுக்கு விசுவாசம் குறைவாயிருந்தது என்று யாரேனும் சொன்னால் அதை ஏற்காதீர்கள். அவர்களுடைய இறுதி நாட்களில் அருகேயிருந்து பார்த்தவர்கள் நாங்கள். எண்பத்தெட்டாம் சங்கீதம் ஓர் ஆறுதல் வரியுமின்றி இருளிலேயே முடிகிறது. அதுவும் நம் வேதத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. லூக்கா, அந்த இரவில் ஒரு தூதன் தோன்றி இயேசுவைப் பலப்படுத்தினதாக எழுதுகிறார். அதன் பின்னும் வியர்வை வழிந்தது, வேதனை தொடர்ந்தது. பலப்படுத்துதல் என்பது பயம் மறைந்துபோவதாக அங்கே சொல்லப்படவில்லை. எழுந்து, உறங்கிக்கிடந்த நண்பர்களைத் தட்டி, அடுத்த அடியை எடுத்துவைக்கப் போதுமானதாயிருந்தது அது. நோய் முற்றிய நிலையிலும் வலியைக் குறைக்கவும், மூச்சை எளிதாக்கவும், உடனிருக்கவும் எங்களால் இயலும். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்ற வாக்கியத்தை எங்கள் வார்டில் நாங்கள் பயன்படுத்துவதில்லை.

காய்ச்சலை மறைத்த அந்தச் சகோதரர் ஆறு சுற்றுக் கீமோவையும் முடித்துக்கொண்டு, இப்போது ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். ஸ்கேனுக்கு முந்திய இரவில் இன்றும் உறக்கம் வருவதில்லை என்கிறார். வரும் நாளில், எங்களைப் பார்த்து முடித்ததும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பகல்நேரச் சிகிச்சை அறையில் முதன்முறையாக மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருப்பவர் யாரென்று சிஸ்டரிடம் விசாரித்து, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். "பயமா இருக்கா?" என்பார். எதிரிலிருப்பவர் தலையாட்டத் தயங்கினால், "எனக்கு ரொம்ப இருந்துச்சு" என்று தாமே தொடங்குவார். பிறகு சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, அதில் 100.4 எங்கே இருக்கிறது என்று காட்டுவார்.